கனடாவுக்கு ரெண்டு வேன்

இந்தப் பக்கம் வந்துருங்கக்கா, அங்க வெயில் அடிக்கும். பையைக் காலடியிலேயே வச்சுக்கங்க. மேல வச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்குத் தலையில விழும். பாப்பா, காலை மடக்கு, பெரியம்மா உக்காரட்டும்.

திருச்சியாக்கா? நானும் திருச்சிதான். டோல்கேட்டுல இறங்கி ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ பிடிக்கணும். ஆமா, ஏர்போர்ட்டுதான். ஏன் ஏற இறங்கப் பாக்கறீங்க? ஏர்போர்ட்டுக்குப் போறவ இப்படியா போவா, வீட்டுல கட்டுன புடவையோட, தலையில ஒரு முழம் பூ கூட இல்லாமன்னுதானே? நியாயந்தான். நான் இப்படிப் போக வேண்டியவளே இல்ல. நாளைக்குச் சாயங்காலம் பட்டுப் புடவை கட்டி, ரெண்டு வேன் பிடிச்சுப் போக வேண்டியவ.

உங்களுக்குப் பாப்பாநாட்டுப் பக்கம் யாரையும் தெரியுமாக்கா? தெரியாதா, ரொம்ப நல்லது. தெரிஞ்சவங்கன்னா எனக்குப் பேச வராது. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, "சின்ன மருமகளா? அவளுக்கு வாயின்னு ஒண்ணு இருக்கறதே சோறு திங்கும்போதுதான் தெரியும்"னு சொல்லுவாங்க. உங்களை இனிமே பாக்கப் போறதில்ல, அதனால சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லாட்டி திருச்சி போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு.

எங்க வீட்டுக்காரரு கனடாவுல இருக்காரு. டொரண்டோ. பேரைச் சொல்ல மாட்டேன், எங்கள்ல வழக்கமில்ல. இதோ பத்திரிகை இருக்கு, படிச்சுப் பாருங்க. வர்ற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தறோம். படிச்சீங்களா? அந்தப் பேருதான். அதுக்குக் கீழயே போட்டிருக்கு பாருங்க, டொரண்டோ, கனடா. எழுத்து நல்லாப் பெரிசா இருக்குல்ல? பிரஸ்காரர்கிட்ட வாய் விட்டுக் கேக்க வெக்கமா இருந்துச்சு, துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன், 'கனடா மட்டும் பெரிய எழுத்து'ன்னு. அதுக்கும் கீழ செல்வக்குமார்னு பொடிசா இருக்கே, அது எங்க வீட்டுக்காரரோட அண்ணன். ஷார்ஜா.

எங்க வீட்டுக்காரரு இன்னிக்கு விடியக்காலம் போன் பண்ணி, "கிளம்பிட்டேன், பிளேன் ஏறப்போறேன்"னாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நாலு வருஷங்க்கா. பாப்பா வயித்துல அஞ்சு மாசமா இருக்கும்போது போனவரு. பெத்த புள்ளையைப் போன்ல பாத்ததோட சரி. காது குத்தக்கூட அவரு வரட்டும், அவரு வரட்டும்னு தள்ளித் தள்ளி, புள்ளை காது தடிச்சுப் போச்சு. சரி, டொரண்டோவுலேர்ந்து திருச்சி வர ஒரு முழு நாளு, அதுக்கு மேல ஒரு அரை நாளு. நடுவுல பிளேன் மாத்தணும். கணக்குப் பாத்தா நாளைக்குச் சாயங்காலம். மாமியார்கிட்ட சொன்னேன், அவங்க தெருவுக்கே சொன்னாங்க, வேன்காரனுக்குச் சொல்லியாச்சு.

மத்தியானச் சோறு கூட இன்னும் வடிக்கல. கொல்லையில பாத்திரம் விளக்கிக்கிட்டு இருக்கேன், மறுபடி போன். அவருதான். "திருச்சியில இறங்கிட்டேன்"ங்கிறாரு.

"எந்தத் திருச்சி?"ன்னு கேட்டேன்க்கா. வேற என்ன கேக்கறது?

சிரிக்காதீங்க. என் நிலைமையில இருந்து பாருங்க. நான் போய் எந்த மூஞ்சியோட வீட்டுக்குள்ள சொல்றது? உள்ள செந்தாமரை உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கா.

செந்தாமரை யாருன்னு சொல்லலல்ல. என் ஓரகத்தி. ஷார்ஜாக்காரரு பொண்டாட்டி. அக்கான்னுதான் கூப்பிடுவேன், வாய் அக்காங்கும், வயிறு எரியும். நான் அந்த வீட்டுல கால் வச்ச நாளா ஷார்ஜா புராணந்தான். "எங்க வீட்டுக்காரரு ஷார்ஜாவுல", "ஷார்ஜாவுலெல்லாம் அப்படி இல்ல". என்னக்கா பெரிய ஷார்ஜா? ஏறி உக்காந்து, அவங்க குடுக்கற இட்லியைத் தின்னுட்டு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா திருச்சி. நாலு மணி நேரம். பட்டுக்கோட்டையிலேர்ந்து மெட்ராஸ் போறதுக்கே அதைவிடக் கூட ஆகுது. மெட்ராசுல இருக்கறவனை யாராவது வெளிநாட்டுக்காரன்னு சொல்லுவாங்களா?

வருஷா வருஷம் வந்துருவாரு அந்த மனுஷன். மாம்பழத்தோட வருவாரு, மழையோட போவாரு. வந்தா ஒரு மரியாதை இருக்கணுமா இல்லியா? பனியனோட நின்னு வாழைக்குத் தண்ணி கட்டுவாரு. புள்ளைங்களை ரெண்டு தோள்லயும் தூக்கி வச்சுக்கிட்டு கடைத்தெருவுக்குப் போவாரு. அடுப்படிக்குள்ள வந்து உப்பு எங்க, மொளகா எங்கன்னு கேக்காமயே எடுப்பாருக்கா! வெளிநாட்டுல இருக்கற ஆம்பளைக்கு உப்புச் சாடி எங்க இருக்குன்னு தெரியலாமா? அப்புறம் என்ன வெளிநாடு? அந்தப் புள்ளைங்க அவரு வந்தா எந்திரிச்சுக்கூட நிக்காது. "அப்பா, நகரு, டிவி மறைக்குது"ங்கும். அவ்வளவுதான் ஷார்ஜாவுக்கு மரியாதை.

கொண்டு வர்றதாவது உருப்படியா இருக்கா? பேரீச்சம்பழம், பால் பவுடர், கோடாலித் தைலம். எங்க தெருவுல தலைவலி இல்லாதவன் கூட அந்தத் தைலத்தைத் தேய்ச்சுக்கறான்.

அவரு வர்றதுக்கும் ஒரு வேன் பிடிச்சுப் போவோம். எங்க ஊர்ப்பக்கம் அதுதான் வழக்கம், வெளிநாட்டுலேர்ந்து ஆள் வந்தா வீட்டோட போய் அழைச்சுட்டு வரணும். எலுமிச்சஞ்சோறு கட்டிக்கிட்டு, ஏர்போர்ட் வாசல்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். செந்தாமரை நடு சீட்டுல, ஜன்னலோரம், தலை நிறையப் பூவோட. நான் பின் சீட்டுல, பாப்பா மடியில, டிபன் கேரியர் காலடியில. திரும்பி வரும்போது அவரு பெட்டியும் என் காலடியில. ஒவ்வொரு வருஷமும் ஒரு ஷார்ஜாப் பெட்டிக்குக் காலை மடக்கிக்கிட்டே வந்திருக்கேன். அப்பவே நினைச்சுக்குவேன், இருடி, எங்க வீட்டுக்காரரு வர்ற அன்னிக்கு ஒரு வேன் பத்தாது. ஷார்ஜாவுக்கு ஒரு வேன்னா கனடாவுக்கு ரெண்டு வேன். தூரத்துக்குத் தகுந்த வேன்.

எவ்வளவு தூரம்னு கேளுங்களேன். எனக்குச் சொல்லத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. ஏழாவதோட என்னை நிறுத்திட்டாங்க, ஆனா போன்ல இந்த மைக்கு படம் இருக்குல்ல, அதை அமுக்கிட்டு மெதுவாக் கேட்டா போதும், ஒரு பொம்பளை குரல் சொல்லும். நல்ல செந்தமிழ்ல சொல்லும், நியூஸ் வாசிக்கற மாதிரி. டொரண்டோவுக்கும் திருச்சிக்கும் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஷார்ஜாவைக் கேட்டா மூவாயிரம் கூட முழுசாத் தேறல. நான் ஒண்ணும் பீத்திக்கலக்கா. குழாயடியில தண்ணி பிடிக்கும்போது யாராவது, "உங்க வீட்டுக்காரரு வரலியாடி?"ன்னு கேப்பாங்க. எனக்குப் பதில் பேச வராது. போனை அமுக்கி, ஸ்பீக்கர்ல வச்சு, குடத்து மேல வச்சுருவேன். அதுவே சொல்லிரும். எல்லாரும் வாயைப் பொத்திக்குவாங்க. செந்தாமரை மட்டும், "ஆமா, அம்புட்டுத் தூரம் போனவன் எங்க திரும்பி வர்றது"ன்னுட்டுக் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போவா. பொறாமை. வேற என்ன?

அவ சும்மா இருக்க மாட்டாக்கா. நோண்டிக்கிட்டே இருப்பா. எங்க வீட்டுக்காரரு ஒருதரம் மத்தியானம் வீடியோ கால்ல வந்தாரு. "இங்க நடுச்சாமம்"னாரு. பின்னாடி ஒரே ஹாரன் சத்தம், சட்டையில பளீர்னு வெளிச்சம். இவ என் தோளுக்கு மேல எட்டிப் பாத்து, "என்னடி, நடுச்சாமத்துல வெயில் அடிக்குது?"ங்கறா. கனடாவுல எவ்வளவு லைட்டு போட்டிருப்பான், பணக்கார நாடு, அது இவளுக்கு எங்க தெரியப் போவுது? வாயில வந்துச்சு, முழுங்கிட்டேன்.

இன்னொரு தரம் பனியில நிக்கற போட்டோ அனுப்புனாரு. பெரிய பனி மலை, அதுல கையை விரிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் அதை பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுனேன். இவ மூக்கு படற அளவுக்குக் கிட்டப் போய்ப் பாத்துட்டு, "மேல கூரை தெரியுதே"ங்கறா. தெரிஞ்சா என்னவாம்? நம்ம ஊர்ல கோயில் தேருக்குக் கூட மழையில நனையாம கூரை போட்டு வைக்கல? அவங்க பனிக்குக் கூரை போட்டு வச்சிருக்காங்க. வசதி இருக்கு, போடறான். இதையும் முழுங்கிட்டேன்.

அதுக்கெல்லாம் உச்சமா ஒண்ணு நடந்துச்சு. போன வருஷம் அவ வீட்டுக்காரரு லீவுல வந்தப்ப, சாப்பிட உக்காந்த எடத்துல, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "துபாய்ல ஒரு கடையில நம்ம தம்பி மாதிரியே ஒருத்தனைப் பாத்தேன். வீரான்னு கூப்பிட்டேன், திரும்பாமப் போயிட்டான்"னாரு. மாமியாருக்குக் கையில எடுத்த சோறு கையிலயே நின்னு போச்சு. இவ என்னைப் பாக்கறா, நான் தட்டைப் பாக்கறேன். எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா வாயில? 'பெரியத்தானுக்கு அந்தத் தைலத்தைக் கண்ணுலயும் தேய்க்கச் சொல்லுங்க, பார்வை தெளியும்.' சொல்லல. எந்திரிச்சுப் போய் ரசம் எடுத்துட்டு வந்தேன்.

சொல்லியிருக்கணும்.

பாப்பா, ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டாத. தூக்கம் வந்துருச்சு இவளுக்கு. படுடி, பெரியம்மா மடியில தலை வச்சுக்க. பரவால்லியாக்கா?

எங்க விட்டேன்? ஆங், கொல்லையில. எந்தத் திருச்சின்னு கேட்டேன்ல. அதுக்கு அவரு சொல்றாரு, "நான் கனடாவே போகல"ன்னு.

அப்படியே சொன்னாருக்கா. ஏஜெண்டு துபாய் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டானாம். அங்கேர்ந்து மேல போற விசா இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு இழுத்தானாம். வரவே இல்லியாம். இருந்த எடத்துலயே ஒரு மெஸ்ஸுல வேலைக்குச் சேந்துட்டாராம். நாலு வருஷமும் அங்கதானாம்.

தேய்ச்ச சட்டியையே தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. "அப்பவே சொல்லலாம்னுதான் உனக்குப் போன் போட்டேன். நீ குழாயடியில நிக்கற. டொரண்டோவுல குளிரா குளிரான்னு எல்லாரும் கேக்கறாங்க. நீ போனைக் குடத்து மேல வச்சுட்டே. அடுத்த தரம் போட்டா, பதிமூவாயிரம் கிலோமீட்டர்னு போன் பொம்பளை சொல்லுச்சுன்னு நீ சொல்லிக்கிட்டு இருக்கே. நான் எப்படிச் சொல்றது? நாலு மணி நேரத்துல எப்படி வந்து நிக்கறது? நீ போட்ட தூரத்தைத் தாண்டி என்னால வர முடியல"ங்கறாரு.

பழியை எங்க கொண்டாந்து எறக்கறாருன்னு பாத்தீங்களா? நான் போட்ட தூரமாம்! நானா டொரண்டோவை அங்க கொண்டு போய் வச்சேன்? ஒரு ஊருக்குப் போறேன்னுட்டு நடுவுலயே நின்னு போனது இவரு. பட்டுக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்துட்டு ஒரத்தநாட்டுல இறங்கித் தூங்கிட்ட கதை. வெளிநாடு போற ஆம்பளைக்கு எந்த நாட்டுல இறங்கறோம்னு பாக்கத் தெரியணுமா வேண்டாமா? நான் இங்க ஏழாவது படிச்சுட்டு மேப்பைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பாத்து, அந்த ஊர்ல ஏரி எங்க இருக்கு, ஆறு எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கேன். இவரு அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல!

சரி, போனதுதான் போச்சு. வர்றதையாவது ஒழுங்கா வரக்கூடாதா? "ஒன்றரை நாள் துபாய் ஏர்போர்ட்டுலயே உக்காந்துட்டு அப்புறம் ஏறலாம்னுதான் நினைச்சேன். முடியல. அந்தப் பிளேனைக் கண்ணால பாத்ததும் கால் நிக்கல, பாப்பா ஞாபகம்"ங்கறாரு. ஏன் முடியாது? அம்புட்டுப் பெரிய ஏர்போர்ட்டு, அங்க ஒரு நாற்காலி இல்லாமயா போச்சு? நாலு வருஷம் இருந்தவருக்கு ஒன்றரை நாள் இருக்க முடியலியாம். அவசரக்குடுக்கை.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "கையில என்ன கொண்டாந்தீங்க?"

"பேரீச்சம்பழம் இருக்கு. பால் பவுடர். அப்புறம் தைலம்."

தைலங்க்கா! தைலம்!

அந்தத் தைலத்தோட அவரு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா என்ன ஆகும்? செந்தாமரை ஒண்ணும் சொல்ல மாட்டா. அதுதான் அவ குணம். மெதுவா எந்திரிச்சு வருவா, புட்டியை வாங்கிப் பாப்பா, "இது எங்க வீட்டுலயே நிறைய இருக்கே"ம்பா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் அந்தக் குழாயடிக்கு எந்தக் காலோட போவேன்? ரெண்டு வேனுக்குச் சொல்லி வச்சிருக்கு. டிஜிட்டல் பேனர் அடிச்சு வந்துருச்சு, ஓரத்துல கனடாக் கொடியில இருக்கற அந்தச் சிவப்பு இலை போட்டு. பத்திரிகை அம்பது அறுபது வீட்டுக்குப் போயாச்சு, கனடா பெரிய எழுத்துல.

அதான், "நீங்க அங்கயே நில்லுங்க, ஒரு அடி நகராதீங்க, நான் வர்றேன்"னுட்டு, பாப்பாவுக்குச் சளி, தஞ்சாவூர் டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன்னு பொய் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். "நாளைக்கு அப்பன் வர்றான், இன்னிக்கு என்னடி டாக்டர்"னு மாமியார் கேட்டாங்க. "சளியோட அவங்க முன்னால நிக்கக் கூடாதுல்லத்தை"ன்னேன். அவங்களுக்கே கண்ணு கலங்கிப் போச்சு. நல்ல மனுஷி. வெகுளி.

என்ன பண்ணப் போறேனா? எல்லாம் யோசிச்சு வச்சுட்டேன்க்கா. டோல்கேட் பக்கம் லாட்ஜு நிறைய இருக்குல்ல, அதுல ஒரு ரூமு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அங்க படுத்துக் கெடக்கட்டும். போற வழியில கடையில நல்ல சாக்லேட்டா வாங்கணும், தமிழ்ல எழுதியிருக்காததா பாத்து. ஒரு கம்பளிச் சட்டை வாங்கணும். பேரீச்சம்பழம் இங்கயே யாருக்காவது குடுத்துடலாம், நீங்க வேணா எடுத்துக்கங்க. தைலத்தைச் சாக்கடையில ஊத்திரணும். நாளைக்குச் சாயங்காலம் மறுபடி ஏர்போர்ட்டுக்குப் போய், வண்டியில பெட்டியை வச்சுத் தள்ளிக்கிட்டு, அந்தக் கண்ணாடிக் கதவு வழியா வெளிய வரணும். நாங்க ரெண்டு வேன்ல வந்து நிப்போம். முன் வேன்ல, நடு சீட்டுல, ஜன்னலோரம் நான். செந்தாமரைக்குப் பின் வேன்.

கறுத்துப் போயிருக்காரேன்னு கேப்பாங்க. பனியிலயும் தோல் கருகுமாம்க்கா, போன் பொம்பளையைக் கேட்டு வச்சுட்டேன்.

உள்ள விட மாட்டாங்களா? டிக்கெட் இல்லாம? அப்படியா? சரி, உள்ள போக வேண்டாம். நாங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து தூண் ஓரமா நின்னுக்கட்டும். முன்கூட்டியே வந்துட்டேன்னு சொல்லிக்கலாம். ஒரு மணி நேரம் முன்கூட்டி வரலாம், தப்பில்ல. ஒரு நாள் முன்கூட்டி வரக் கூடாது.

என்னக்கா இது? நீங்களும் எங்க மாமியார் மாதிரி கண்ணைத் துடைக்கறீங்க. உங்களுக்கு என்ன?

கோவமா? அவரு மேல எனக்கு என்னக்கா கோவம்? ஆம்பளைங்க அப்படித்தான், இல்லாததைச் சொல்லுவாங்க. துபாய்ல இருந்திருந்தா வருஷா வருஷம் வந்திருக்கலாமேன்னு கேக்கறீங்களா? வந்திருக்கலாம். பாப்பா பொறந்தப்ப வந்திருக்கலாம், தவழ்ந்தப்ப வந்திருக்கலாம். வந்து? பனியன் போட்டுக்கிட்டு வாழைக்குத் தண்ணி கட்டியிருப்பாரு. உப்புச் சாடியை எடுத்திருப்பாரு. புள்ளை தோள் மேல ஏறி உக்காந்திருக்கும். அவ்வளவுதானே? அது செந்தாமரைக்கே இருக்கே. அவ வச்சிருக்கறதையே நானும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? நாலு வருஷமா அந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அந்தப் பதிமூவாயிரம் கிலோமீட்டருதான். அதையும் இவரு ஒரு காலைப் பொழுதுல தின்னுட்டு வந்து நிக்கறாரு.

பாப்பாவா? அவளை அவருகிட்ட காட்டக் கூடாதுக்கா. இவளை ஏன் இழுத்துட்டு வந்தேன்னுதான் இப்ப நானே என்னைத் திட்டிக்கறேன். சளின்னு சொல்லிட்டு வெறுங்கையோட கெளம்ப முடியுமா? இது ஓட்டை வாய். அப்பாவைப் பாத்தேன்னு வீட்டு வாசல்லயே கத்திரும், நேராப் பெரியம்மாகிட்டப் போய்ச் சொல்லும். செந்தாமரைன்னா இதுக்கு உசிரு. அதனால உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். கேக்கலாமான்னு தஞ்சாவூர்லேர்ந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன். டோல்கேட்டுல பஸ் நிக்கற எடத்துக்கு எதுக்க பேக்கரி இருக்கு. இவளைக் கொஞ்ச நேரம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? ஒரு தேங்கா பன்னு வாங்கிக் குடுத்தாப் போதும், சத்தம் போட மாட்டா. நான் அவரைக் கொண்டு போய் ரூம்ல விட்டுட்டு ஓடியாந்துர்றேன்.

பாவந்தான். யாரு இல்லேன்னது? நாலு வருஷம் பாக்காத புள்ளை, இன்னொரு நாளுல என்ன கொறைஞ்சு போயிரப் போவுது? நாளைக்கு வேன்லேர்ந்து இறங்கி, மாலையும் கையுமா, எல்லார் முன்னாலயும் ஓடிப் போய் அப்பா காலைக் கட்டிக்கட்டும். அதுதான் அழகு. இன்னிக்கு லாட்ஜுல, தைல வாடையில, யாரு பாக்கப் போறா?

இருங்க, போன் அடிக்குது. அவருதான்.

ம். ம். வந்துட்டே இருக்கேங்க. திருவெறும்பூர் தாண்டியாச்சு. நீங்க வெளிய வந்து ரோட்டுல நிக்காதீங்க, நம்ம ஊர்க்காரங்க யாராவது பாத்துருவாங்க. உள்ளயே நில்லுங்க. சாப்பிட்டீங்களா? ஏன் சாப்பிடல? சரி, பாத்துக்கலாம்.

முழிச்சுட்டாளாக்கா? யாரும் இல்லடி. ராங் நம்பர். நீ படு. படுன்னு சொல்றேன்ல.

என்னங்க? இல்லியே. பாப்பா இல்ல, பக்கத்து சீட்டுப் புள்ளை. இல்லங்க. சத்தியமா. சரி, இவதான். இவதான், கூட்டிட்டு வந்துட்டேன். முடியாதுங்க. போன்லயும் முடியாது. நாளைக்குப் பேசிக்கலாம். ஒரு வார்த்தைகூட வேண்டாம். ஏங்க, அழுவாதீங்க, ஏர்போர்ட்டுல நின்னுக்கிட்டு. நாலு பேரு பாக்கறாங்க. ஆம்பளை.

அக்கா, அவளைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க, போனை இழுக்கறா.

இங்க பாருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க இன்னும் வரல. நீங்க இப்ப கடலுக்கு மேல இருக்கீங்க. புரியுதா? நாளைக்குச் சாயங்காலந்தான் இறங்குவீங்க. கடலுக்கு மேல போன் எடுக்காது. வச்சுருங்க.